வெள்ளணிக்கும் செவ்வணிக்கும் இடையே

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பழைய மாணவி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். ஏறக்குறையப் பத்து ஆண்டுகளுக்கு முன் இளங்கலைத் தமிழ் வகுப்பில் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்தவள். இப்போது ஒன்றரை வயது மகனுக்குத் தாய். நலம் விசாரித்து, பாடத்திட்டம் மாறியதைப் பேசி, யார் யார் ஓய்வு பெற்றார்கள் என்று கேட்டு, கடைசியில் தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தாள். பிள்ளை இன்னும் பால் குடிக்கிறான். பிரசவத்துக்குப் பின் இதுவரை அவளுக்கு மாதவிலக்கு வரவில்லை. வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். "அம்மா, அன்றைக்கு வகுப்பில் நான் ஒரு கேள்வி கேட்டேனே, ஞாபகம் இருக்கிறதா?" என்றாள்.

நன்றாகவே ஞாபகம் இருந்தது.

2016-ஆம் ஆண்டு. நம்பியகப்பொருள் நடந்துகொண்டிருந்தது. நாற்கவிராச நம்பி 13-ஆம் நூற்றாண்டில் இயற்றிய அந்த இலக்கண நூலின் கற்பியலில், பரத்தையிற் பிரிவு என்றொரு பகுதி உண்டு. தலைவன் பரத்தையர் சேரியில் இருக்கிறான். தலைவிக்குப் பூப்பு நிகழ்ந்த செய்தியை அவனுக்கு வாய்விட்டுச் சொல்லியனுப்புதல் முறையன்று. ஆகவே சேடிக்குச் சிவப்பு அணிவித்து அச்சேரி வழியே விடுகிறார்கள். கண்டவர்களுக்குச் செய்தி விளங்கிவிடும். இது செவ்வணி. தலைவி மகப்பெற்று நெய்யாடினாள் என்னும் செய்திக்கு வெள்ளை அணிவித்து விடுவார்கள். அது வெள்ளணி. பல ஆண்டுகளாக நடத்திய பாடம். மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே போனபோது அவள் எழுந்தாள். "அம்மா, வெள்ளணி அனுப்பிய பிறகு அடுத்த செவ்வணி எவ்வளவு நாள் கழித்து அனுப்புவார்கள்?"

வகுப்பு சிரித்தது. இலக்கணத்தில் அது சொல்லப்படவில்லை என்று பதிலளித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியாயிற்று. சொன்னது பொய்யன்று. ஆனால் அன்று எங்கள் வீட்டிலேயே அதே கேள்விக்கு விடை தெரியாமல் நாங்கள் காத்திருந்தோம் என்பது அப்பெண்ணுக்குத் தெரியாது.

'நாங்கள்' என்று எழுதுவதற்கு ஒரு காரணம் சொல்லவேண்டும். பாலூட்டிய உடம்பு ஒன்றுதான். எழுதும் கையும் அவளுடையதே. ஆயினும் அந்த ஆண்டுகளில் காத்திருந்ததும் கணக்குப் பார்த்ததும் கலங்கியதும் கணவன் மனைவி இருவருமே. ஒருமையில் எழுதினால் பாதி பொய்யாகிவிடும். எழுதியதை மற்றவர் படித்துச் சில இடங்களில் திருத்தியும் இருக்கிறார்.

எங்களுக்கு மகள் பிறந்தது 2015 பிப்ரவரியில். தாமதமான திருமணம், தாய்க்கு அப்போது வயது 36. ஆறு மாத விடுப்பு முடிந்து கல்லூரிக்குத் திரும்பியபின் பகற்பால் குறைந்தது. அதற்கு வட்டியும் முதலுமாக மகள் இரவில் வசூலித்தாள். மாலை ஐந்து மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் "இங்கா" என்று ஓடிவருவாள். இரவில் நான்கு முறை, ஐந்து முறை. விடியற்காலையில் ஒன்று. ஓர் ஆண்டு கடந்தது, மாதவிலக்கு வரவில்லை. ஒன்றரை ஆண்டும் கடந்தது. எங்களுடன் இருந்த அத்தைக்கு இதில் ஒரு மகிழ்ச்சி இருந்தது. தீட்டில்லாத வீடு, விளக்கேற்றுவதற்கும் கோயிலுக்குப் போவதற்கும் நாள் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் அதே அத்தைக்கு இன்னொரு பேரப்பிள்ளையும் வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்பது அவருக்கு உறைக்கச் சிறிது காலமாயிற்று.

எங்களுக்கும் இன்னொரு குழந்தை வேண்டும் என்ற விருப்பம் இருந்தது. மறைப்பானேன், ஏக்கம் என்றே சொல்லலாம். பிறந்தவள் தனியாகிவிடக் கூடாது என்று அதற்குப் பெயரிட்டுக்கொண்டோம்.

உடம்பில் நடப்பது என்ன என்று தேடிப் படித்தோம். குழந்தை சப்பும்போது முலைக்காம்பின் நரம்புகள் வழியே மூளையிலுள்ள ஹைப்போதலாமஸுக்குச் செய்தி போகிறது. பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் கூடுகிறது. அதே வேளையில், சினைப்பையை வேலைசெய்யத் தூண்டும் சுரப்புகள் ஒரு தாளத்தில் துடித்து வெளிப்பட வேண்டியவை. அந்தத் தாளம் கலைகிறது. கருமுட்டை முதிர்வதில்லை. மாதவிலக்கும் இல்லை. இந்தக் காவலை நம்பலாம் என்பதற்கு 1988-இல் இத்தாலியின் பெலாஜியோ என்னும் ஊரில் கூடிய ஆய்வாளர்கள் மூன்று நிபந்தனைகள் வகுத்தார்கள்: குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்திருக்கக் கூடாது, உணவு முழுதும் அல்லது ஏறக்குறைய முழுதும் தாய்ப்பாலாக இருக்கவேண்டும், மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. மூன்றும் பொருந்தினால் 98 விழுக்காடு பாதுகாப்பு. ஒன்று தவறினாலும் அந்த உறுதி இல்லை.

எங்கள் மகளுக்கு அந்த எல்லை என்றோ கடந்துவிட்டது. பின்னும் ஏன் உடம்பு திரும்பவில்லை? இதற்கும் ஒருவாறு விடை கிடைத்தது. கலகாரிப் பாலைநிலத்தின் குங் மக்களிடையே ஆய்வு செய்த மெல்வின் கானரும் கரோல் வொர்த்மனும் 1980-இல் வெளியிட்ட கட்டுரை புகழ்பெற்றது. அங்கே குழந்தைகள் ஒரு மணி நேரத்துக்குள் பலமுறை, ஒவ்வொரு முறையும் சிறிது நேரமே குடிக்கிறார்கள், இரவிலும் குடிக்கிறார்கள். கருத்தடை எதுவுமின்றி இரு பிரசவங்களுக்கிடையே 44 மாத இடைவெளி விழுகிறது. குடிக்கும் அளவைவிடக் குடிக்கும் தடவை முக்கியம் என்று அவர்கள் கண்டார்கள். பின்னாளில் அர்ஜென்டினாவின் தோபா இனப் பெண்களைக் கவனித்த கிளாடியா வலேஜாவும் பீட்டர் எலிசனும் இதன் மறுபக்கத்தைக் காட்டினார்கள். அங்கும் குழந்தைகள் ஓயாது குடித்தார்கள். ஆனால் தாய்மார்கள் நல்ல ஊட்டத்தோடு இருந்ததால் பலருக்கும் ஓராண்டுக்குள்ளேயே மாதவிலக்கு திரும்பியது. பிள்ளை எத்தனை முறை குடிக்கிறது என்பதோடு, தாயின் உடம்பில் பால் போக எவ்வளவு மிஞ்சுகிறது என்பதையும் பொறுத்த விஷயம் இது. ஒரே தெருவில் ஒருத்திக்கு மூன்றாம் மாதத்திலும் இன்னொருத்திக்கு இரண்டாண்டு கழித்தும் திரும்புவதில் வியப்பில்லை.

இன்னொன்றும் தெரிந்தது. மாதவிலக்கு திரும்பினால்தான் கருத்தரிக்கலாம் என்பதில்லை. முதல் மாதவிலக்குக்கு முன்பே ஒரு கருமுட்டை வெளிப்பட்டிருக்கக்கூடும். குழந்தைக்கு வயது கூடக்கூட அந்த வாய்ப்பும் கூடும். கருத்தரித்திருப்பவளை 'முழுகாமல் இருக்கிறாள்' என்கிறோம், மாதம்தோறும் தலைமுழுகுவது நின்றுவிட்டதால். எங்கள் ஆச்சி தம் தங்கையைப் பற்றிச் சொல்லும்போது, "முழுகாம இருக்கும்போதே முழுகாம ஆயிட்டா" என்பார். சிறுவயதில் அது ஏதோ சொல்விளையாட்டு என்று நினைத்திருந்தோம். பாலூட்டிய காலத்தில் விலக்கே வராமல், அப்படியே அடுத்த கரு தங்கிவிட்டது என்பது பொருள்.

கற்பியலில் தொல்காப்பியரும் பூப்பு நிகழ்ந்த பின் பன்னிரண்டு நாள் தலைவன் பிரிந்திருத்தல் ஆகாது என்று விதிக்கிறார். கருவுறுதற்குரிய காலம் என்று உரையாசிரியர்கள் விளக்கம் தருவார்கள். இன்றைய கணக்கில், கருமுட்டை வெளிப்படும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாளுமாக ஆறு நாள்களே கருவுறும் வாய்ப்புள்ளவை. சீரான சுழற்சியில் அவற்றுள் பல அந்தப் பன்னிரண்டுக்குள் அடங்கிவிடும். ஆனால் பூப்பிலிருந்து எண்ணத் தொடங்கும் எந்தக் கணக்கும் பாலூட்டுபவளுக்கு உதவாது. எண்ணத் தொடங்க நாள் இல்லை. வெள்ளணிக்கும் செவ்வணிக்கும் இடைப்பட்ட அக்காலத்தைப் பற்றி இலக்கணம் பேசாமல் இருப்பதும் அதனால்தானோ என்று பின்னர் தோன்றியது. செய்தி கேட்டு வருபவனுக்காக எழுதப்பட்ட இலக்கணம் அது. செய்தி இல்லாத காலத்தில் வீட்டில் பிள்ளையோடு இருந்தவளுக்கு அதில் துறை இல்லை.

2016 டிசம்பரில் மருத்துவரைப் பார்த்தோம். மகளுக்கு இரண்டு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் எங்கள் கோப்பில் வயதைப் பார்த்தார். "முப்பத்தெட்டு ஆகப்போகிறது. இன்னொரு குழந்தை வேண்டுமென்றால் பாலை நிறுத்துங்கள்" என்றார். கோபப்பட ஒன்றுமில்லை. 35-க்குப் பிறகு கருத்தரிக்கும் திறன் விரைந்து குறைகிறது என்பதை நாங்களும் படித்திருந்தோம். அத்தை அதற்கு முன்பே வழி சொல்லியிருந்தார்: "வேப்பெண்ணெயத் தடவிட்டுக் குடு. மூணு நாள் அழும். பொறவு மறந்துரும்."

குழந்தையின் பாலா, இன்னும் வராத குழந்தையா என்று நாங்கள் வாய்விட்டுப் பேசிக்கொள்ளவில்லை. பேசினால் அசிங்கமாகிவிடும் என்று பயம். ஆனால் இரவில் அவள் குடிக்கும்போதெல்லாம் அக்கேள்வி அந்த அறையில் இருந்தது. ஒவ்வொரு மிடறும் கணக்கில் ஏறுவதுபோல் தோன்றத் தொடங்கியபோது எங்களுக்கே எங்கள்மீது வெறுப்பு வந்தது.

ஜனவரியில் ஓரிரவு வேப்பெண்ணெய் தடவினோம். மகள் வழக்கம்போல வாய் வைத்தாள். முகம் சுளித்து விலகினாள். அழுவாள் என்று காத்திருந்தோம். அவள் அழவில்லை. கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, இருட்டில் தடவிப் பார்த்து, "இங்காவுக்கு உவ்வா" என்றாள். பிறகு குனிந்து ஊதினாள். அடிபட்ட இடத்தில் நாங்கள் ஊதுவதை அப்படியே செய்தாள். விளக்கைப் போட்டு, எழுந்து போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தோம். அன்றிரவு அவள் எப்போதும்போல் குடித்தாள். விடியும்வரை நாங்கள் இருவரும் தூங்கவில்லை.

மறுநாள் ஒரு முடிவுக்கு வந்தோம். ஏமாற்றிப் பறிப்பதில்லை, சொல்லிக் குறைப்பது. நிறுத்துவதில்லை, நடு இரவுப் பாலை மட்டும் விடுவது. எடின்பரோவில் பீட்டர் ஹோவியும் ஆலன் மெக்னீலியும் 1980-களின் தொடக்கத்தில் பாலூட்டும் தாய்மாரைத் தொடர்ந்து கவனித்து, குடிக்கும் தடவைகள் குறையும்போதே சினைப்பை விழித்துக்கொள்கிறது என்று காட்டியிருந்தார்கள். அப்படியானால் முழுதாகப் பறிக்க வேண்டியதில்லை என்று நம்பினோம். "இங்கா தூங்கப் போகுது, விடிஞ்சதும் எந்திரிக்கும்" என்று மகளிடம் சொன்னோம். நடு இரவில் அவள் எழுந்தால் தந்தை தூக்கிக்கொள்வார். தோளில் போட்டு, தண்ணீர் கொடுத்து, மாடிப்படியில் உட்கார்ந்து தெருநாய்களை எண்ணிக் காட்டுவார். முதல் வாரம் கொடுமை. மூன்றாம் வாரத்தில் அவள் தானாகவே தந்தையின் பக்கம் புரண்டு படுக்கக் கற்றாள். மார்ச் முடிவில் இரவு தூங்கப்போகும்போது ஒன்று, விடியலில் ஒன்று என இரண்டாகக் குறைந்தது.

ஏப்ரலில், மகளுக்கு இருபத்தாறு மாதம் ஆனபோது, பருவத்தேர்வு மேற்பார்வைப் பணியின் நடுவே மாதவிலக்கு வந்தது. பதின்மூன்று வயதிலிருந்து மறைக்கக் கற்றுக்கொடுக்கப்பட்ட ஒன்று. அன்று அதை யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. ஆசிரியர் அறைக்கு வந்து வங்கியிலிருந்த கணவரை அழைத்து, "செவ்வணி" என்று ஒரு சொல் சொன்னதும், மறுமுனையில் சிறிது நேரம் அமைதி. பிறகு, "சேடியை அனுப்பவில்லையா?" என்றார். நாங்கள் இருவரும் சிரித்தோம். கண்ணில் நீரும் வந்தது.

ஆனால் கதவு திறந்தவுடன் விருந்தாளி வந்துவிடுவதில்லை. பாலூட்டும்போது திரும்பும் முதல் சில சுழற்சிகளில் கருமுட்டை வெளிப்படாமலே போகலாம்; வெளிப்பட்டாலும் அதன்பின் கருவைத் தாங்குவதற்குரிய நாள்கள் குறைந்திருக்கலாம். எங்களுக்கும் இருபத்தொரு நாள், இருபத்து நான்கு நாள் என்று வந்து, நான்கைந்து மாதங்களில்தான் சீரானது. மகள் இரண்டு வேளை குடித்துக்கொண்டே இருந்தாள். 2018 ஜனவரியில், அவளுக்கு மூன்று வயது நிரம்ப ஒரு மாதம் இருக்கையில், கரு தங்கியது.

இப்போது வீட்டில் வேறொரு சொல் புழங்கத் தொடங்கியது: சவலை. தாய்ப்பால் போதாமல் மெலிந்த பிள்ளையைச் சவலைப்பிள்ளை என்கிறோம். தாய் மறுபடி கருவுற்றதால் பாலை இழந்து நோஞ்சானாகிப் போன பிள்ளையை ஊரில் குறிப்பாக அப்படிச் சொல்வார்கள். ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட்டில், அதாவது இன்றைய கானாவில், பணிபுரிந்த மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1930-களில் ஒரு நோயை விவரித்து, அந்த ஊர்க் கா மொழியில் வழங்கிய 'குவாஷியோர்கர்' என்ற பெயராலேயே அதை மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அடுத்த குழந்தை வந்ததும் முந்திய குழந்தைக்கு வரும் நோய் என்பது அச்சொல்லின் பொருள். பால் போய், அதற்கீடான புரதம் கிடைக்காமல் வீங்கிப்போகும் பிள்ளைகள். இரண்டு மொழிகள் ஒரே துயரத்துக்குத் தனித்தனியே சொல் கண்டுபிடித்திருக்கின்றன. ஒரு பிரசவத்துக்குப் பின் அடுத்த கருவுக்கு முன் குறைந்தது 24 மாதம் இடைவெளி வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் கூறுவதன் பின்னே இத்தகைய பிள்ளைகளும் உண்டு. எங்கள் மகள் சோறும் பருப்பும் முட்டையும் தின்று கொழுகொழுவென்றிருந்தாள். அவளுக்கு அந்த ஆபத்து இல்லை. எனினும் அச்சொல் எங்களைத் தைத்தது.

ஒன்பதாம் வாரத்தில் கரு கலைந்தது.

இதுவரை எழுதியதெல்லாம் எளிது. துக்கம் கேட்க வந்த உறவினர் ஒருவர், கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்த மகளைப் பார்த்து, சிரித்துக்கொண்டே, "தம்பியை நீதான குடிச்சிட்ட" என்றார். விளையாட்டுப் பேச்சுதான். மகள் கையிலிருந்த மரச்செப்பை வைத்துவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்தாள். எங்களுக்கு வாய் எழவில்லை. அப்போது உள்ளிருந்து அத்தை வந்தார். வேப்பெண்ணெய்க்கு யோசனை சொன்ன அதே அத்தை. "பச்சப் பிள்ளகிட்ட என்ன பேச்சு பேசுதீய!" என்று அவர் போட்ட சத்தத்தில் வந்தவர் காப்பியைக் குடிக்காமலே எழுந்தார்.

மருத்துவரிடம் கேட்டோம். பாலை நிறுத்துங்கள் என்று முன்பு சொன்ன அவரே தெளிவாகச் சொன்னார்: தொடக்கத்தில் கலையும் கருக்களில் ஏறத்தாழப் பாதி குரோமோசோம் கோளாறால் கலைகின்றன, தாயின் வயது கூடும்போது அது கூடும், சோறுண்ணும் குழந்தை கூடவே குடிக்கும் பாலால் கரு கலைவதற்குச் சான்றில்லை. அறிவுக்கு அது போதுமானதாக இருந்தது. மகளுக்கு அதை எப்படிச் சொல்வது? அவள் இரண்டு நாள் பால் கேட்கவில்லை. மூன்றாம் நாள் இரவு அருகில் வந்து, "குடிக்கலாமா?" என்றாள். அதுவரை அவள் அனுமதி கேட்டதே இல்லை. குடிக்கலாம் என்றோம். "தம்பி உடம்பு சரியில்லாம போயிட்டான். நீ ஒண்ணும் செய்யல" என்று இருவரும் மாற்றி மாற்றிச் சொன்னோம். அவளுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. மூன்றே கால் வயது கடந்து, ஒரு ஜூன் மாதத்தில், அவளாகவே கேட்பதை நிறுத்தினாள். கடைசி நாள் எது என்று நாங்கள் குறித்துவைக்கவில்லை. கடைசி என்று தெரிந்திருந்தால் குறித்திருப்போம்.

அதன்பின் இரண்டாவது குழந்தை வரவில்லை. இரண்டாண்டு முயன்றோம், பிறகு விட்டுவிட்டோம். முன்பே பாலை நிறுத்தியிருந்தால் வந்திருக்குமா என்ற கேள்வி சில இரவுகளில் இன்றும் வருகிறது. வந்திருக்கலாம். அதற்காக அந்த இரவில் குனிந்து ஊதியவளுக்குப் பதிலாக வேறொன்றை வேண்டியிருப்போமா என்று கேட்டுக்கொண்டால் கேள்வி அடங்கிவிடுகிறது. மகள் இப்போது ஆறாம் வகுப்பு. இன்னும் சில ஆண்டுகளில் அவளுக்கும் பூப்பு வரும். அவளுக்குச் சேடி வேண்டாம்; அவளே வந்து சொல்லும்படி நாங்கள் இருந்தால் போதும்.

தொலைபேசியில் காத்திருந்த மாணவிக்கு இதையெல்லாம் சொல்லவில்லை. தெரிந்ததை மட்டும் சொன்னோம். ஒன்றரை வயதுப் பிள்ளை இரவெல்லாம் குடிக்கும்போது விலக்கு வராதிருப்பது நோயன்று; எனினும் வேறு காரணம் இல்லை என்று மருத்துவரிடம் ஒருமுறை உறுதிசெய்துகொள்வது நல்லது. விலக்கு வராததை நம்பிக் கருத்தடையைக் கைவிடவும் வேண்டாம். அடுத்த குழந்தை வேண்டுமென்றால், முழுதாகப் பறிக்காமல் இரவுப் பாலைக் குறைத்துப் பார்க்கலாம். பலருக்கு அதுவே போதும், எல்லாருக்கும் போதும் என்று சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனமே இரண்டு ஆண்டும் அதற்கு மேலும் பாலூட்டலாம் என்கிறது.

எல்லாம் கேட்டுக்கொண்டவளிடம் கடைசியாக ஒன்று கேட்டோம். "வீட்டில் எல்லாரும் சொல்வது இருக்கட்டும். இன்னொரு குழந்தை உனக்கு எப்போது வேண்டும்?"

வெகுநேரம் பேச்சில்லை. பின்னணியில் பிள்ளை ஏதோ கேட்டு அழும் சத்தம் கேட்டது.

"இதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை, அம்மா" என்றாள். "யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போனாள்.